உதவி: தம்பியின் ஆட்டம் லைவில் நின்றுவிட்டது, அவசரம்

மஸ்கெலியா_அக்கா | மாலை 5.12
தம்பி கொழும்பில் செஸ் நேஷனல்ஸ் விளையாடுகிறான். லைவ் போர்டு அரை மணி நேரமாக அசையவே இல்லை. போனை ஆஃப் பண்ணிப் போட்டும் பார்த்தாச்சு. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

பதுளை_யானை | 5.15
எந்தத் தளம்? லிசெஸ்ஸா, வேறு ஆப்பா? எத்தனையாவது சுற்று? லிசெஸ்ஸில் சுற்றுக்கு ஒரு பக்கம் தனியாக இருக்கும். நேற்றைய பக்கம் திறந்திருந்தால் விடிய விடியப் பார்த்தாலும் அசையாது.

சிப்பாய்_ஹட்டன் | 5.16
டேட்டா சேவர். நூற்றுக்கு நூறு. அதை நிறுத்துங்க அக்கா. மவுசாக்கலைப் பக்கம் மழை என்றால் சிக்னலும் ஒரு கோடுதான் நிற்கும்.

கறுப்பு_மந்திரி | 5.21
ஒவ்வொரு நேஷனல்ஸுக்கும் இதே கேள்வி. பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் மனமில்லை. களவு ஆட்டத்தைத் தடுக்க 15 நிமிடம் பிந்தித்தான் நகர்த்தல்களை விடுவார்கள், பல போட்டிகளில் அதுதான் வழக்கம். தவிர, இது கிளாசிக்கல், நீண்ட நேர ஆட்டம். ஒரு நகர்த்தலுக்கு அரை மணி நேரம் யோசிப்பவர்களும் உண்டு. பொறுமை வேண்டும்.

தலவாக்கலை_பையன் | 5.24
பிந்தி வந்தாலும் வரிசையாக வரணுமே அண்ணே? 15 நிமிடத்துக்கு முந்தியதுதானே தெரியும், நின்று போகாதே.

மஸ்கெலியா_அக்கா | 5.26
லிசெஸ்தான், இன்றைய சுற்றுதான். டேட்டா சேவர் போடவில்லை. மற்ற போர்டெல்லாம் ஓடுகிறது. யார் கை ஓங்கியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் காட்டும் எஞ்சின் கோடு முதலில் நடுவில் நின்றது, கடைசி நகர்த்தலில் திடீரென்று நம்ம பக்கம் சாய்ந்துவிட்டது. அம்மா ஜெயித்தாச்சு என்கிறார்.

கறுப்பு_மந்திரி | 5.29
எஞ்சின் கோட்டைப் பார்ப்பது செஸ் பார்ப்பது ஆகாது. நாங்களெல்லாம் தாளில் எழுதிய ஆட்டத்தைப் போர்டில் வைத்து ஆடிப் பார்த்துப் படித்தவர்கள்.

தலவாக்கலை_பையன் | 5.31
மடுவத்தில் தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருப்பார் அந்த அம்மா. அவருக்குக் கோடுதான் புரியும். அதையும் பார்க்கக் கூடாதா?

கறுப்பு_மந்திரி | 5.33
பார்க்கலாம். ஜெயித்தாச்சு என்று சொல்லக் கூடாது. எஞ்சின் கணக்கில் +3 முன்னிலையில் இருந்து தோற்ற ஆட்டம் எத்தனை வேண்டும்?

பதுளை_யானை | 5.34
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அக்கா, அந்தக் கடைசி நகர்த்தல் என்ன?

மஸ்கெலியா_அக்கா | 5.37
வெள்ளை ராஜா எஃப்3இல் இருந்து ஈ4க்குப் போயிருக்கிறது. அதுதான் எனக்கும் விளங்கவில்லை. பக்கத்தில் ஒரு சிப்பாய் சும்மா நின்றது, அதை வெட்டாமல் நடுவுக்கு ஓடியிருக்கிறான்.

பதுளை_யானை | 5.41
அப்படியென்றால் போர்டில் பழுதில்லை. ஆட்டம் முடிந்துவிட்டது! நகர்த்தல்களைத் தானே லைவுக்கு அனுப்பும் டிஜிடி போர்டில் கை கொடுத்ததும் இரண்டு ராஜாவையும் நடுவில் வைப்பார்கள், அதுதான் முடிவுக்கு அடையாளம். இரண்டும் வெள்ளைக் கட்டத்தில், அதாவது ஈ4இலும் டி5இலும் என்றால் வெள்ளைக்கு வெற்றி. டி4, ஈ5 இரண்டும் கறுப்புக் கட்டம், கறுப்புக்கு வெற்றி. ஒன்று அங்கே ஒன்று இங்கே என்றால் டிரா. எஃப்3இல் இருந்து ஈ4 சட்டப்படி ஒரு கட்டம்தான் என்பதால் போர்டு அதை நகர்த்தல் என்று நினைத்து அனுப்பிவிட்டது. எஞ்சினும் நம்பிக் கோட்டைச் சாய்த்திருக்கிறது. அந்த நகர்த்தலை விட்டுவிட்டு முந்தைய நிலையைப் பாருங்கள்.

ஈ4 வெள்ளைக் கட்டம். ஒழுங்காக வைத்திருந்தால் கறுப்பு ஜெயிக்கவில்லை. தம்பி எந்த நிறம்?

தலவாக்கலை_பையன் | 5.43
கோடு சாய்ந்தது "நம்ம பக்கம்" என்றாரே. ராஜா வீணாக ஓடினால் கறுப்புப் பக்கம்தானே சாயும்? அப்போ தம்பி...

சிப்பாய்_ஹட்டன் | 5.44
ஐயோ.

கறுப்பு_மந்திரி | 5.50
ராஜாவை வைக்கும் முறையை இங்கே முன்பே ஒருமுறை விளக்கியிருக்கிறேன். தேடினால் கிடைக்கும்.

தலவாக்கலை_பையன் | 5.52
அப்படியென்றால் 5.21க்கே சொல்லியிருக்கலாமே அண்ணே. 2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாட்டிலும் லைவில் இப்படி ராஜா நடுவுக்கு ஓடுவதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தேன்.

கறுப்பு_மந்திரி | 5.55
ராஜா நகர்ந்தது என்று 5.21க்கு எனக்கு யார் சொன்னது?

மஸ்கெலியா_அக்கா | 6.20
டிரா. இப்போதுதான் போனைத் திரும்ப வாங்கிப் பேசினான். எல்லாருக்கும் நன்றி.

பதுளை_யானை | 6.24
கறுப்பில் டிரா நல்லதுதான். செஸ்-ரிசல்ட்ஸ் தளத்தில் நாளைக்கு யாருக்கு யார் என்ற ஜோடி வந்ததும் போர்டு எண்ணைப் பாருங்கள். மேல் போர்டுகளுக்கு மட்டும்தான் டிஜிடி போட்டிருந்தால், கீழே இறங்கினால் லைவ் வராது. நடுவர் பதிந்த பிறகு முடிவு மட்டும்தான் தெரியும். இன்றைக்கு எத்தனையாவது போர்டு?

பதுளை_யானை | இரவு 9.02
அக்கா?