தஹ்யான் பஸ்ஸும் அந்தத் துடுப்பும்

பதுளைத்தம்பி: 2018 ஆகஸ்ட் 9, யேமன் தஹ்யான்ல ஸ்கூல் பிள்ளைங்க போன பஸ் மேல குண்டு. 40 பிள்ளைங்க செத்தாங்க. கிடைச்ச துண்டுல அமெரிக்க ஆயுதக் கம்பனி லொக்ஹீட் மார்ட்டினோட குறியீடு இருந்துச்சு. குண்டு அவன் செஞ்சதுதான். இன்னும் என்ன ஆராய்ச்சி?

ஹட்டன்_பிட்டர்: கிடைச்சது துடுப்பு, குண்டைத் திருப்ப அதுல பூட்டுற சின்ன இறக்கை. அதுல 'எம்கே 82க்கு'ன்னே எழுதியிருந்துச்சு. அஞ்செழுத்துக் குறியீடு துடுப்பைச் செஞ்சவனத்தான் காட்டும். எம்கே 82ங்கிற அந்த 227 கிலோ குண்டைச் செஞ்சவன் வேற ஆளா இருக்கலாம்.

பதுளைத்தம்பி: துடுப்பு தனியாவா பறந்து வந்துச்சு?

ஹட்டன்_பிட்டர்: எம்கே 82 வழிகாட்டி இல்லாத வெறும் குண்டு. மூக்குல லேசர் தேடி, முன்னுக்குச் சின்னத் துடுப்பு, வால்ல விரியுற இறக்கை பூட்டுனா அது பேவ்வேங்கிற லேசர் குண்டு. வால்ல ஜிபிஎஸ் கருவியும் நடு உடம்புல தகடும் மாட்டுனா ஜேடாம்ங்கிற ஜிபிஎஸ் குண்டு, அந்தக் கருவி போயிங் பொருள். எங்க தேயிலை பாக்டரி டிரையர்லயும் இதே கதைதான்: மேல சிரொக்கோன்னு பேரு இருக்கும், பெல்பாஸ்ட் டேவிட்சன் சாமான். மோட்டார் தகட்டுல வேற பேரு. தகட்டைத் துடைச்சுப் படிச்சவன் சொல்றேன்.

லிந்துலை77: கிரீஸ் துணியோட குண்டு நிபுணர் வந்துட்டாரு!

ஹட்டன்_பிட்டர்: கிரீஸ் கையாலதான் 22 வருசம் சாப்பிடுறேன். மேசையில இருந்து படம் பார்க்கிறவனுக்கு நட்டு எது போல்ட் எதுன்னு தெரியாது. துடுப்பு, குண்டு இல்ல.

கொட்டகலை_அக்கா: 1977 கலவரத்துல எங்க பெரியப்பா வன்னிக்குப் போனாரு. பிறகு கிபிர் போர் விமானச் சத்தம் கேட்டாலே பிள்ளைங்களோட பங்கருக்குள்ள. தோட்டத்து ஆளுங்களுக்கு குண்டு தெரியாதுன்னு யாரும் சொல்ல வேணாம். அங்க துண்டைப் பொறுக்கி எண்ணைப் படிக்க யாரு வந்தா? நீங்க செஞ்சவன் பேரையே பிடிச்சிட்டு இருக்கீங்க, போட்டவன் பேரைச் சொல்லுங்க.

ஹட்டன்_பிட்டர்: அக்கா, போட்டது சவூதிக் கூட்டணி. அது குறியீட்டுல வராது. விமானம் பறந்த நேரம், வித்த கணக்கு, இதெல்லாம் வேணும். குறியீடு துடுப்புக்கு மட்டும்.

பதுளைத்தம்பி: அப்போ லொக்ஹீட் தப்பிச்சுக்கட்டும்னு சொல்றீங்க.

ஹட்டன்_பிட்டர்: எங்கடா சொன்னேன்? துடுப்பு அவனோடதுன்னு முதல் வரியிலயே ஒத்துக்கிட்டேன்! தப்பா எழுதுனா நாளைக்கு அவன் வக்கீல் அதைக் காட்டியே முழுசையும் தள்ளிடுவான்.

லிந்துலை77: போன மாசம் ரோலர் பெல்ட் விசயத்துலயும் இப்படித்தான் கத்துனீங்க.

ஹட்டன்_பிட்டர்: அன்னைக்கும் நான் சொன்னதுதான் சரி.

பதுளைத்தம்பி: குண்டு லொக்ஹீட்தான்.

ஹட்டன்_பிட்டர்: துடுப்பு.