திருகோணமலை எண்ணெய்க் குதங்களும் சம்பூரும்: புதிய அரசு போட்ட கையெழுத்தில் ஊருக்கு என்ன இருக்கிறது?

உவர்மலை வாசி:
2025 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் இந்தியாவோடு ஏழு புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கைச்சாத்தாகின. அதில் ஒன்று, திருகோணமலையை வலுசக்தி மையமாக்க இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் மூன்றும் சேர்ந்து போட்டது. அதே நாளில் மூதூர்ப் பக்கம் உள்ள சம்பூரில் சூரிய மின்நிலைய வேலையும் தொடக்கி வைக்கப்பட்டது. 1987இல் இந்திய - இலங்கை உடன்படிக்கையை எதிர்த்து ஆயுதம் தூக்கிய ஜே.வி.பி.தான் இன்றைய ஆளுங்கூட்டணியின் முதுகெலும்பு. மனம் மாறித்தான் கையெழுத்துப் போட்டார்களா, வேறு வழியில்லாமலா? குதங்களில் எது யாருக்கு, சம்பூரில் எவ்வளவு காணி போகிறது என்று ஊர்ச்சனம் எங்கே கேட்டு எடுப்பது? விபரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சீனன்குடாக்காரர்:
குதங்களைக் கொடுத்தது இந்த அரசு என்று பலர் எழுதுகிறார்கள், அது பிழை. பங்கு பிரித்தது 2022 ஜனவரி 6இல், கோட்டாபய காலத்தில். மொத்தம் 99 குதம். 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசியிடம், 24 இலங்கை அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனியிடம். அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49 வீதம். குத்தகை 50 வருடம். ஜனாதிபதி அனுர குமார 2024 டிசம்பரில் டெல்லி போனபோது வந்த கூட்டறிக்கையில் இந்தியாவிலிருந்து எரிபொருள் குழாய்வழி போடும் பேச்சு இருந்தது. ஏப்ரல் ஒப்பந்தம் அதன் தொடர்ச்சி.

நான் இதை ஆதரிக்கிறேன். ஒரு குதம் ஏறக்குறைய 12,000 கனமீற்றர் பிடிக்கும். 61ஐயும் நிரப்பினால் 7 இலட்சத்து 32 ஆயிரம். உள்நாட்டு விநியோகத்துக்கு மட்டும் இவ்வளவு கொள்ளளவு தேவையில்லை. மறு ஏற்றுமதி, கப்பல்களுக்கு எரிபொருள் விற்பது என்று சந்தை உள்ள ஒருவர் சேர்ந்து வராவிட்டால் இவை காடு பிடித்தபடியேதான் கிடக்கும். திருத்துவதும் லேசான வேலை இல்லை. பிரித்தானியர் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு கட்டியவை இவை. இப்படியான குதத்தில் அடித்தகடுதான் முதலில் போகும். மண்ணோடு ஒட்டின பக்கத்தில் ஈரம் நின்று அரிக்கும், மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. தகட்டின் கனத்தைக் கருவி வைத்து அளந்து, மெலிந்ததை வெட்டிப் புதுத்தகடு ஒட்டி, பிறகு தண்ணீர் நிரப்பிக் கசிவும் தாழ்வும் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் எண்ணெய் விட்டால் அடியால் ஒழுகி ஊர்க் கிணறுகளுக்குத்தான் போகும். அரசு எந்தக் குதத்தை எந்த வருடம் திருத்தப் போகிறது என்ற அட்டவணையைத்தான் நாங்கள் கேட்க வேண்டும்.

மூதூர்க்கரை:
அண்ணா சொன்ன குதக் கணக்குச் சரி, ஆனால் சம்பூரைத் தாண்டிப் போய்விட்டார். 2006இல் இடம்பெயர்ந்த சனம் 2015க்குப் பிறகுதான் திரும்பத் தொடங்கியது. நிலக்கரி மின்நிலையம் 500 மெகாவாட்டில் வரவிருந்தது, சனம் எதிர்த்தது, 2016இல் கைவிட்டார்கள். இப்போது 120 மெகாவாட் சூரிய மின்சாரம். புகை இல்லை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1 மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் என்று பிடித்தால் 480 முதல் 600 ஏக்கர். வேலியடைத்த பிறகு மாடு மேய்க்கிறவன் எந்தப் பக்கம் போவான்? கட்டும்போது ஆள் வேண்டும். ஓடத் தொடங்கினால் தகடு கழுவவும் காவலுக்கும் கொஞ்சப் பேர் போதும். திருகோணமலைப் பக்கத்து முத்துநகரில் துறைமுக அதிகாரசபைக் காணி என்று சொல்லி, விதைத்த வயலைச் சூரிய மின்திட்டத்துக்கு எடுத்ததைப் பார்த்த பிறகு நம்பிக்கை எங்கே வரும்?

இதைக் கேட்க மாகாணத்தில் தெரிவான சபையும் இல்லை. கிழக்கு மாகாணசபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அந்த வருட மாகாணசபைத் தேர்தல் திருத்தச் சட்டம் புதிய எல்லை நிர்ணயத்தைக் கேட்டது, அந்த அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்றது. அதோடு தேர்தல் நின்றுபோனது. பழைய விகிதாசார முறைக்குத் திரும்ப ஒரு சின்னத் திருத்தம் போதும். 225இல் 159 ஆசனம் வைத்திருக்கிற அரசுக்கு அது பெரிய காரியமா? கிழக்குக்கு இந்தியா தரும் ஏறத்தாழ 240 கோடி ரூபா நன்கொடையையும் இப்போது ஆளுநரும் அதிகாரிகளும்தான் கையாள வேண்டும். மாகாணசபைத் தேர்தல் வைப்போம் என்ற வாக்குறுதியில் எனக்குப் பெரிய மனக்குறை இதுதான்.

பாலையூற்று:
உள்நாட்டுக் கொள்கை என்றால் மின்கட்டணத்தைப் பாருங்கள். 2025 ஜனவரியில் சராசரி 20 வீதம் குறைத்தார்கள், ஜூனில் 15 வீதம் கூட்டினார்கள். 100 ரூபாய் 80 ஆகி, பிறகு 92 ஆனது. செலவுக்கு ஏற்ற கட்டணம் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனை, 2023 மார்ச்சில் ரணில் காலத்தில் தொடங்கிய திட்டம். ஆட்சி மாறியும் அது மாறவில்லை. வருமான வரி விலக்கு எல்லையை மாதம் ஒரு இலட்சத்திலிருந்து ஒன்றரை இலட்சமாக்கியது நல்லது, ஆனால் மீன் வாடிக்கும் ஐஸ் போடுகிறவனுக்கும் அதில் ஒன்றுமில்லை.

தபால் கந்தோர் வீதி:
உவர்மலை வாசி கேட்ட வழிக்கு வருகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். அமைச்சுக்கு மட்டும் எழுதிக் காத்திருக்க வேண்டாம். அரசோ அரச கூட்டுத்தாபனமோ 25 வீதம் அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருக்கும் கம்பனியும் இந்தச் சட்டத்துக்குள் வரும். ஆகவே 61 குதங்களின் கூட்டுக் கம்பனியிடமும், மின்சார சபையும் இந்திய அரச மின்கம்பனியான என்.ரி.பி.சி.யும் பாதிப்பாதிப் பங்கில் தொடக்கிய சம்பூர்க் கம்பனியிடமும் நேராகவே கேட்கலாம்.

தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. பதிவுத் தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். 14 வேலைநாளில் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும், அவருக்கு மூன்று கிழமை. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. பெரும்பாலான விண்ணப்பங்கள் சாகிறது அந்த நடு 14 நாளில்தான். பதில் வரும் என்று காத்திருந்து திகதி போய்விடும்.

அடுத்த பிழை, "ஏன் கொடுத்தீர்கள்" என்று கேட்பது. அதற்குப் பதிவேட்டில் பதில் இராது. ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வெளிநாட்டு உறவு, தேசியப் பாதுகாப்பு என்று 5ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள். மறைக்க வேண்டிய பகுதியை நீக்கி மிச்சத்தைத் தரும்படி 6ஆம் பிரிவைச் சொல்லி எழுதுங்கள். 9ஆம் பிரிவும் கைகொடுக்கும்: ஒரு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டம் என்றால், தொடங்க மூன்று மாதம் முன்பே பொறுப்பான அமைச்சர் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு விபரம் அறிவிக்க வேண்டும்.

உவர்மலை வாசி:
நன்றி. சம்பூர்க் காணிக்கு எங்கே, எப்படி எழுதுவது?

தபால் கந்தோர் வீதி:
மூதூர் பிரதேச செயலகத் தகவல் அலுவலருக்கு இப்படி: "சம்பூர் சூரிய மின்திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட காணியின் நில அளவை வரைபடப் பிரதி, ஏக்கர் அளவு, ஒதுக்கீட்டுக் கடிதத்தின் பிரதி, அக்காணியில் மேய்ச்சல் அல்லது பயிர்ச்செய்கை இருந்ததாகக் கிராம சேவகர் கொடுத்த அறிக்கையின் பிரதி." அந்த வரைபடம் கையில் வந்த பிறகு கம்பனிக்கு எழுதுங்கள், இரண்டிலும் ஏக்கர் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம்.