பல்துலக்கிகளை எண்ணினோம், பற்களை எண்ணினோமா?

தொடங்கியவர் (திட்ட மதிப்பீட்டாளர்)

குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக முன்பருவப் பள்ளிகளில் நடத்தப்பட்ட ஒரு பல் நலத் திட்டத்தை இரண்டாண்டு முடிவில் மதிப்பிடும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டபோது, முதலில் என் மேசைக்கு வந்தது ஒரு கட்டுப் பதிவேடுகள்தாம். எத்தனை பல்துலக்கிகள் வழங்கப்பட்டன, எத்தனை பெற்றோர் கூட்டங்கள் நடந்தன, எத்தனை பிள்ளைகளுக்குச் சொத்தையைத் தடுக்கும் பல் பூச்சான ஃபுளூரைடு வார்னிஷ் தடவப்பட்டது என்பதெல்லாம் அவற்றில் ஒரு பிசிறும் இல்லாமல் எழுதப்பட்டிருந்தன. பிள்ளைகளின் வாய்க்குள் என்ன நடந்தது என்பது மட்டும் ஒரு பக்கத்திலும் இல்லை. திட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒரு பல் மருத்துவர் பிடிவாதமாக நின்று, திட்டத்தில் இருந்த மையங்களிலும் ஒப்பீட்டுக்காகத் தேர்ந்தெடுத்த மையங்களிலும் எல்லாப் பிள்ளைகளின் பற்களையும் பார்த்துக் குறித்து வைத்திருந்தார். அந்த ஏடு இல்லாதிருந்தால் எனக்கு இங்கே எழுதுவதற்கு எதுவும் இருந்திருக்காது.

இறுதிப் பரிசோதனையின் முடிவு வந்தபோது எல்லோருக்கும் அதிர்ச்சி. திட்டம் நடந்த மையங்களில் சராசரி டிஎம்எஃப்டி எண் ஒப்பீட்டு மையங்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. அந்த எண் சொத்தையான பற்கள், சொத்தையால் இழந்த பற்கள், அடைக்கப்பட்ட பற்கள் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை என்பதை இங்குள்ள பலர் அறிவார்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று பற்கள் சொத்தையாக இருந்து, மூன்றும் அடைக்கப்பட்டுவிட்டால், அந்தப் பிள்ளை வலியின்றி உறங்கும். எண்ணோ மூன்றாகவே நிற்கும். அதோடு, குழி விழாத ஆரம்பநிலைச் சொத்தையை எங்கள் பரிசோதனை விதி கணக்கில் சேர்க்கவில்லை. திட்ட மையங்களில் இருந்து மருத்துவரிடம் அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு அத்தகைய பற்களில் சிலவும் அடைக்கப்பட்டன. ஒப்பீட்டு மையங்களில் அவை யார் கண்ணிலும் படாமல் எண்ணுக்கு வெளியே கிடந்தன. கூட்டுத்தொகையைப் பிரித்து, சிகிச்சை பெறாத சொத்தை எவ்வளவு என்று மட்டும் பார்த்தபோதுதான் படம் தலைகீழாக மாறியது. அறிக்கை அச்சுக்குப் போக நான்கு நாள்களே இருந்த நேரம் அது. ஒற்றை எண்ணை நம்பி ஒரு திட்டத்தை மூடியிருப்போம் என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது. இதுபோன்ற மதிப்பீடுகளோடு தொடர்புடையவர்கள் தாங்கள் நேரில் கண்டதை இங்கே பகிர வேண்டுகிறேன்.

முன்பருவப் பள்ளி ஆசிரியை

ஐயா, அந்தப் பிசிறில்லாத பதிவேடுகளைப் பற்றி, அவற்றை எழுதிய கைகளில் ஒன்றுக்கு உரியவள் என்ற முறையில், ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மையத்தில் தினமும் ஒரு வேளை பிள்ளைகளைத் துலக்க வைக்க வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரிசி மணியளவும் அதற்கு மேற்பட்டவர்களுக்குப் பட்டாணி அளவும் பற்பசை வைக்க வேண்டும். பசையில் ஃபுளூரைடு பத்து லட்சத்தில் 1000 பங்குக்குக் குறையக் கூடாது. விதிகள் தெளிவானவை, நல்லவையும்கூட. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாள்களிலும், உதவியாளர் விடுப்பில் இருந்த நாள்களிலும், வார இறுதியில் ஒட்டுமொத்தமாக உட்கார்ந்து எல்லாக் கட்டங்களிலும் குறியிட்டிருக்கிறோம். கட்டம் காலியாக இருந்தால் விளக்கம் கேட்பார்கள். நிரம்பியிருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

இரண்டாம் ஆண்டில் வந்த ஒரு கள ஆய்வாளர் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. பற்பசைக் குழாய்களை ஒரு சிறு தராசில் வைத்து எடை பார்த்தார். துலக்கிகளின் தூரிகை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்களைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எந்தெந்த நாள்களில் முடியாமல் போகிறது?" என்று மட்டும் கேட்டார். அன்றுதான் முதல்முறையாகத் தண்ணீர்ச் சிக்கலை ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னோம். இரண்டு மாதத்தில் ஒரு சேமிப்புத் தொட்டி வந்தது.

ஒரு தாய் (கேள்வித்தாளுக்குப் பதில் அளித்தவர்)

நான் இந்தத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். என் மகன் இப்படிப்பட்ட ஒரு திட்டத்தில் இருந்தான். "உங்கள் பிள்ளைக்குத் தினமும் இருவேளை பல் துலக்கிவிடுகிறீர்களா?" என்று ஒரு பெண் கேட்டார். ஆம் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள் எல்லோரும் ஆம் என்றுதான் சொன்னார்கள்; நல்ல தாய் இல்லை என்று எழுதிக்கொள்ள யார் இடம் கொடுப்பார்கள்? எனக்கு அப்போது இரவு வேலை. மகனை உறங்க வைப்பவர் என் மாமியார். அழுதால் பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்க வைப்பார். உறங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடும் என்பதும், பாலோ இனிப்போ பல்லில் தங்கினால் மேல் முன்பற்கள் முதலில் கெடும் என்பதும் கூட்டத்தில் எனக்குச் சொல்லப்பட்டவை. அவரிடம் யாரும் சொல்லவில்லை. கூட்டத்துக்கு அவர் அழைக்கப்படவும் இல்லை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். மகனுக்கு இரண்டு பற்களை அடைக்க வேண்டும் என்று சீட்டு எழுதித் தந்தார்கள். மருத்துவமனை திறந்திருப்பது பகலில் மட்டும். நான் உறங்கும் நேரம் அது. உறக்கத்தை விட்டு ஒருமுறை போய், வரிசையில் நின்று, நேரம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டேன். இரண்டாம் முறை போகவில்லை. பின்னாளில் தற்செயலாக எங்கள் கோப்பைப் பார்க்க நேர்ந்தபோது, எங்கள் பெயருக்கு எதிரே "ஒத்துழைக்காத குடும்பம்" என்று எழுதியிருந்தது.

சமூகப் பல் மருத்துவர்

அம்மா, நீங்கள் எழுதியிருப்பது எங்கள் துறை பல ஆண்டுகள் செலவழித்துக் கற்றுக்கொண்ட ஒன்று. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் குறைந்த வருமானம் கொண்ட ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களிடம், மனத்தைத் தூண்டும் உரையாடல் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 2011இல் வெளிவந்தது. பெற்றோர் பிள்ளையின் பல்லை அடிக்கடி பார்க்கத் தொடங்கினார்கள். சொத்தை மட்டும் குறையவில்லை. அதே நாட்டில் நவாஹோ பழங்குடியினரின் நிலப்பகுதியில், ஹெட் ஸ்டார்ட் எனப்படும் முன்பருவக் கல்வித் திட்டத்தின் 52 வகுப்பறைகளில் ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகளோடு நடந்த ஆய்வில், அதே சமூகத்தைச் சேர்ந்த பயிற்சி பெற்றவர்களே வார்னிஷ் தடவிப் பாடமும் சொல்லிக் கொடுத்தார்கள். வழக்கமான கவனிப்பைப் பெற்ற வகுப்பறைகளோடு ஒப்பிட்டால் சொத்தையில் வேறுபாடு இல்லை. நேர்மையாக வெளியிடப்பட்ட இத்தகைய தோல்விகளுக்கு, ஒப்பீட்டுக் குழுவே இல்லாத நூறு வெற்றி அறிக்கைகளைவிட நான் அதிக மதிப்புத் தருவேன்.

தொடங்கியவர் சொன்ன "எதை எண்ணுகிறோம்" என்ற கேள்விக்கு வட அயர்லாந்து ஆய்வு நல்ல சான்று. 2 முதல் 3 வயது வரையிலான, சொத்தையே இல்லாத 1248 பிள்ளைகளுக்கு மூன்றாண்டு வார்னிஷும் ஃபுளூரைடு பற்பசையும் அறிவுரையும் ஒரு பாதியினருக்கும், அறிவுரை மட்டும் மறுபாதியினருக்கும் தரப்பட்டன. முடிவில் சொத்தை வந்தவர்கள் முறையே 34, 39 விழுக்காடு; புள்ளியியல் முறைப்படி இதை வேறுபாடு என்று சொல்ல முடியாது. ஆனால் சொத்தை வந்த பிள்ளைகளில் பாதிக்கப்பட்ட பல் பரப்புகளின் சராசரி, அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கு 9.6 ஆகவும், வார்னிஷும் பெற்றவர்களுக்கு 7.2 ஆகவும் இருந்தது. "வந்ததா" என்று கேட்டால் ஒரு விடை; "எவ்வளவு" என்று கேட்டால் வேறு விடை.

மற்றபடி, பரிசோதகர்களுக்கு எந்த மையம் திட்டத்தில் இருக்கிறது என்று தெரியக் கூடாது என்பதையும், ஒரே மையத்துப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பதால் நூறு பிள்ளைகளை நூறு தனித்தனிச் சான்றுகளாக எண்ணக் கூடாது என்பதையும் எல்லோரும் அறிவார்கள். ஆனால் பாதிப் பேர் அவற்றைக் கடைப்பிடிப்பதில்லை.

தரவுப் பணியாளர்

சுருக்கமாக ஒன்று. நான் பணியாற்றிய திட்டத்தில், இறுதிப் பரிசோதனைக்கு வராத பிள்ளைகளைக் கணக்கில் இருந்து நீக்கிவிட்டுச் சராசரி போடச் சொன்னார்கள். நீக்குவதற்கு முன் அவர்களின் தொடக்கநிலைப் பதிவுகளைத் தனியே எடுத்துப் பார்த்தேன். வாடகை வீடு மாறியதாலும் வேலை தேடிப் போனதாலும் காணாமல் போன அந்தப் பிள்ளைகளின் பற்கள்தாம் தொடக்கத்திலேயே மிக மோசமாக இருந்தன. மீதி இருந்தவர்களின் சராசரி அழகாக இருந்ததில் வியப்பில்லை. ஆறு வயதை நெருங்கும்போது முன்பற்கள் இயல்பாகவே விழும் என்பதால், அவற்றைச் சொத்தையால் இழந்தவையாகச் சேர்த்த வேறு குழப்பமும் உண்டு.

தொடங்கியவர் (திட்ட மதிப்பீட்டாளர்)

அனைவருக்கும் நன்றி. ஸ்காட்லாந்தின் சைல்ட்ஸ்மைல் எனும் சிறுவர் பல் நலத் திட்டத்தை எல்லோரும் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். மழலையர் மையங்களில் மேற்பார்வையோடு துலக்க வைத்ததில், எட்டாம் ஆண்டுக்குள் மிச்சமான சிகிச்சைச் செலவு, திட்டச் செலவின் இரண்டரை மடங்குக்கும் மேல் என்று அங்கே கணக்கிட்டிருக்கிறார்கள். எட்டு ஆண்டுகள் என்பதைக் கவனியுங்கள். எங்களுக்கு நிதி கொடுப்பவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே கேட்கிறார்கள்.

அந்தத் தாயின் பதிவைப் படித்த பிறகு எங்கள் கேள்வித்தாளை எடுத்து வைத்து உட்கார்ந்தோம். "இருவேளை துலக்குகிறீர்களா" என்பதை நீக்கிவிட்டு, "நேற்று இரவு பிள்ளையை உறங்க வைத்தவர் யார், கடைசியாக வாயில் வைத்தது என்ன?" என்று மாற்றியிருக்கிறோம். பெற்றோர் கூட்டம் என்ற பெயரும் வீட்டார் கூட்டம் என்றாகிறது. "ஒத்துழைக்காத குடும்பம்" என்ற பத்தியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் மருத்துவமனை திறந்திருந்த நேரத்தையும் வீட்டாரால் வர முடிந்த நேரத்தையும் அருகருகே எழுதச் சொல்லியிருக்கிறேன். முதல் மையத்தின் தாள்கள் நேற்று வந்தன. சீட்டுப் பெற்றும் சிகிச்சைக்குப் போகாத குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த இரண்டு நேரங்களும் ஒன்றோடொன்று சந்திக்கவே இல்லை.