துவைத்ததும் சுருங்கும் எம்பிராய்டரி: மாற்ற வேண்டியது நூலையா, ஸ்டெபிலைசரையா?

கேள்வி — முதல்தையல்

வணக்கம். வீட்டில் ஒற்றை ஊசி எம்பிராய்டரி இயந்திரம் வைத்திருக்கிறேன். அதனுடன் வந்த ஹூப் (துணியைப் பிடித்து நிறுத்தும் சட்டம்) 100 × 100 மி.மீ. அளவுடையது. சில மாதங்கள் காட்டன் துணியில் பழகிய பிறகு, சென்ற வாரம் பனியன் துணியாலான குழந்தைச் சட்டை ஒன்றில் ஐந்து இதழ்ப் பூவும் அதன் கீழே ஒரு பெயரும் போட்டேன். 40ஆம் எண் ரேயான் நூலும் 75/11 ஊசியும் பயன்படுத்தினேன். துணியைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டெபிலைசராக, தைத்தபின் கிழித்தெடுக்கும் டியர்-அவே வகையில் இரண்டு தாள் அடியில் வைத்திருந்தேன்.

ஹூப்பில் இருந்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. கழற்றியதும் பூவைச் சுற்றித் துணி இலேசாகச் சுருங்கியது. ஒருமுறை துவைத்த பின் பூ கிண்ணம்போல் குழிந்துவிட்டது. கறுப்பு ஓரக்கோடு ஒரு பக்கத்தில் இதழை விட்டு விலகி நிற்கிறது, இடையில் துணி தெரிகிறது. 4 மி.மீ. உயரத்தில் தைத்த எழுத்துகளின் சுழிகள் எல்லாம் அடைபட்டுப் பொட்டு வைத்ததுபோல் ஆகிவிட்டன.

ரேயான் துவைத்தால் சுருங்கும் என்று ஒருவர் சொன்னதால் பாலியெஸ்டர் நூல்கண்டுகள் வாங்கலாம் என்றிருக்கிறேன். அது சரியா? அடுத்து துவாலைகளில் பெயர் போட வேண்டியிருக்கிறது. அதற்கு எந்த ஸ்டெபிலைசர் பொருந்தும் என்றும் சொல்லுங்கள்.

மறுமொழி 1 — ஊசிக்காது

நூலை மாற்றுவதற்கு முன் சட்டையைத் திருப்பிப் பூவின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஊசி இறங்கிய இடமெல்லாம் ஸ்டெபிலைசர் தபால்தலை விளிம்புபோல் துளைபட்டு, இதழ்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கழன்று கிடக்கும் என்று நினைக்கிறேன். டியர்-அவேயின் இயல்பே அதுதான்: தையல் முடிந்ததும் கிழிந்து வர வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட தாள், அடர்த்தியான தையலின் நடுவில் தானாகவே கிழிந்துவிடுகிறது. நெய்த துணிக்குத் தன் வடிவத்தைத் தானே காத்துக்கொள்ளும் வலு உண்டு என்பதால் அங்கே இது பெரிய குறையாகத் தெரிவதில்லை. பனியன் துணியோ கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது; எந்தப் பக்கம் இழுத்தாலும் கொடுக்கும். அடியில் பிடிமானம் போனதும் தையல் துணியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இரண்டு தாளுக்குப் பதில் நான்கு வைத்தாலும் நான்கும் கிழியும், அவ்வளவுதான்.

துணியை இரு திசையிலும் விரலால் இழுத்துப் பாருங்கள். நீளுகிறது என்றால் கட்-அவே, அதாவது கிழிக்காமல் மிஞ்சியதை மட்டும் கத்தரியால் வெட்டும் வகை. அந்தத் துணி உள்ளவரை அடியிலேயே தங்கியிருக்கும் ஸ்டெபிலைசர்தான் அதற்கு ஏற்றது. குழந்தைச் சட்டைக்கு, கட்-அவே வகையிலேயே மெஷ் என்று விற்கப்படுவதை வாங்கலாம். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 கிராம் எடை, மென்மையானது, வெளிர் துணியிலும் வெளியே தெரியாது. பூவின் நிரப்புத் தையல் மிகவும் அடர்த்தியாக இருந்தால் அதையே இரண்டு அடுக்காக, ஒன்றின் குறுக்கே மற்றொன்றாகத் திருப்பி வையுங்கள். தடித்த கட்-அவே ஏறத்தாழ 85 கிராமில் வரும். அது கனமான டி-ஷர்ட்டுக்கும் ஸ்வெட்டருக்கும் சரி, குழந்தையின் மெல்லிய சட்டையில் அட்டை வைத்துத் தைத்ததுபோல் விறைத்து நிற்கும்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. காட்டனில் பழகிய கையோடு பனியன் துணியையும் பறைத்தோல்போல் இழுத்து ஹூப்பில் மாட்டியிருப்பீர்கள். இழுபட்ட நிலையில் தைத்த துணி, ஹூப்பைக் கழற்றியதும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். தையல் திரும்ப விடாது. கிண்ணம்போல் குழிந்ததற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். ஸ்டெபிலைசரை மட்டும் விறைப்பாக ஹூப்பில் மாட்டி, அதன்மேல் தற்காலிகப் பசை தெளித்து, துணியை இழுக்காமல் பரப்பி ஒட்டிவிடுங்கள். பிறகு சுற்றிலும் ஒரு நீளத் தையல் ஓட்டிக்கொண்டால் நகராது.

துவாலைக்கு அடியில் என்ன வைக்கிறோம் என்பதைவிட மேலே என்ன வைக்கிறோம் என்பது முக்கியம். நீரில் கரையும் மெல்லிய படலத்தை மேலே போடாவிட்டால், எழுத்தின் நூலுக்கு நடுவே துவாலையின் வளையங்கள் தலைநீட்டும். தைத்தபின் படலத்தைக் கிழித்து எடுத்து, மிச்சத்தை ஈரத்துணியால் ஒற்றினால் போய்விடும். அடியில் நடுத்தர டியர்-அவேயே போதும். படலத்தை வாய் மூடிய பையில் வையுங்கள். காற்றில் காய்ந்தால் நொறுங்கும், ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

மறுமொழி 2 — இரண்டுபுரி

மேலே சொன்னதை ஏற்கிறேன். நூலைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் சட்டை சுருங்கியதற்கு ரேயான்மேல் பழிபோட முடியாது. ரேயானின் குறை வேறு: ஈரமானால் அதன் வலிமை குறையும், குளோரின் கலந்த வெளுப்புப் பொருளைத் தாங்காது. அடிக்கடி துவைக்கும் குழந்தை உடைகளுக்கும் துவாலைகளுக்கும் பாலியெஸ்டரை நான் தேர்ந்தெடுப்பது அந்தக் காரணத்தால்தான். சுவரில் மாட்டும் வேலைப்பாட்டுக்கும், எப்போதோ ஒருமுறை உடுத்தும் உடைக்கும் இன்றும் ரேயானையே எடுப்பேன். அதன் ஒளி கண்ணாடி மினுக்காக இல்லாமல் மென்மையாக இருக்கும், சூடான இஸ்திரியையும் பாலியெஸ்டரைவிட நன்றாகத் தாங்கும்.

வேடிக்கை என்னவென்றால், நூலால் சுருக்கம் வருவதானால் அது பாலியெஸ்டரால் வருவதற்கே வாய்ப்பு அதிகம். அது சற்று நீளும் தன்மையுள்ளது. மேல்நூல் டென்ஷன் (நூலின் இழுவிசை) இறுக்கமாக இருந்தால் நீண்ட நிலையிலேயே தைபட்டு, பிறகு துணிக்குள் தளர்ந்து சுருங்கும். ஆகவே மாறினால் டென்ஷனைச் சோதித்துவிட்டு மாறுங்கள்: சில மி.மீ. அகலத்தில் சாட்டின் தையல் (இப்புறமும் அப்புறமும் நெருக்கமாக ஓடும் தையல்) பட்டை ஒன்றைத் தைத்துப் பின்பக்கம் பார்த்தால், நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை பாபின் நூலும் (அடிநூல்) இருபுறமும் மேல்நூலும் தெரிய வேண்டும். வெள்ளையே நிறைந்திருந்தால் மேல்நூல் இறுக்கம். வெள்ளையே தெரியாவிட்டால் மேல்நூல் தளர்வு, அல்லது பாபின் இறுக்கம்.

எழுத்துகள் அடைபட்டதில் நூலுக்குப் பங்கு உண்டு. பெரும்பாலான டிசைன்கள் 40ஆம் எண் நூலுக்காகவே அமைக்கப்படுகின்றன, 4 மி.மீ. எழுத்துக்கு அந்த நூல் பருமன். நூலின் எண் ஏற ஏற நூல் மெலியும் என்பதை நினைவில் வைத்து 60ஆம் எண் நூலும் 65/9 அல்லது 70/10 ஊசியும் எடுங்கள். துணி பனியன் என்பதால் இழையைக் குத்தி அறுக்காத உருண்டை முனை ஊசியாக இருக்கட்டும். சில நூல்கண்டுகளில் 40 என்று போடாமல் 120/2 என்று அச்சிட்டிருப்பார்கள்; 120 டெனியர் (நூலின் பருமனைக் குறிக்கும் அலகு) கொண்ட இரண்டு புரி என்று பொருள். டெனியரில் எண் ஏறினால் நூல் பருக்கும். இந்தத் தலைகீழ்க் கணக்கில் நானே ஒருமுறை ஏமாந்து, பருமனான நூலை ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். பூவின் நிரப்புத் தையலுக்கு 60ஆம் எண்ணைப் போடாதீர்கள். 40க்காக வைத்த வரிசைகளுக்கு நடுவே துணி தெரியும்.

மறுமொழி 3 — கழன்றபாபின்

பசை தெளிப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஊசியில் பசை ஏறி நூல் அறுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். பாபின் பெட்டிக்குள் படிந்தால் பஞ்சும் சேர்ந்து களிம்பாகிவிடும். தெளித்தே ஆக வேண்டுமென்றால் இயந்திரத்தை விட்டு விலகி, வேறோர் அறையில் தெளியுங்கள். இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் மெஷ் கிடைக்கிறது. அதைத் துணியின் பின்பக்கம் மிதமான சூட்டில் அழுத்தி ஒட்டினால், பனியன் துணி நெய்த துணிபோல் அடங்கி நிற்கும். அதன்பின் இழுக்காமல் ஹூப்பிலேயே மாட்டலாம்.

ஓரக்கோடு விலகியதற்கு ஸ்டெபிலைசர் மட்டும் காரணம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். டிசைனில் அடித்தையல் இல்லாவிட்டால் நல்ல மெஷ் போட்டாலும் கொஞ்சம் விலகும். இதழை நிரப்புவதற்கு முன் மெலிதாக ஒரு வலைத்தையல் ஓடுகிறதா என்று கவனியுங்கள்.

மறுமொழி 4 — முதல்தையல்

மூவருக்கும் நன்றி. பின்பக்கத்தைப் பார்த்தேன், தபால்தலை விளிம்பு என்று சொன்னது அப்படியே இருந்தது. இதழ்களுக்கு நடுவே இருந்த தாள் துவைத்ததில் உதிர்ந்தே போய்விட்டது. அடித்தையல் டிசைனில் இருக்கிறது.

மிச்சமிருந்த அதே பனியன் துணியில், அதே ரேயான் நூலையே வைத்து, இஸ்திரியில் ஒட்டும் மெஷ் ஓர் அடுக்கு மட்டும் மாற்றிப் பூவைத் தைத்துப் பார்த்தேன். மூன்று முறை துவைத்தும் பூ தட்டையாகவே இருக்கிறது. ஓரக்கோடும் இதழை விட்டு விலகவில்லை. எழுத்துகளை 6 மி.மீ. உயரத்துக்குப் பெரிதாக்கி 60ஆம் எண் நூலில் போட்டதில் சுழிகள் திறந்திருக்கின்றன. டென்ஷன் சோதனையில் பின்பக்கம் முழுவதும் வெள்ளையாகத்தான் வந்தது, மேல்நூலைத் தளர்த்தியிருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி: பின்பக்கம் மிஞ்சும் மெஷ்ஷைத் தையல் வரை ஒட்ட வெட்டிவிடலாமா? குழந்தைக்கு உறுத்துமோ என்று பார்க்கிறேன்.

மறுமொழி 5 — ஊசிக்காது

ஒட்ட வெட்டாதீர்கள். சுற்றிலும் 6 முதல் 10 மி.மீ. வரை விட்டு, மூலைகள் இல்லாமல் வளைவாக வெட்டுங்கள். கூர்மையான மூலைதான் முதலில் உறுத்தும், முதலில் சுருண்டும் வரும். வெட்டும்போது மெஷ்ஷைத் தூக்கிப் பிடித்து, துணி கீழே தொங்கும்படி வைத்துக்கொண்டால் கத்தரி துணியில் படாது. பின்பக்கத் தையல் முடிச்சுகளும் உறுத்துகின்றன என்றால், இஸ்திரியில் ஒட்டும் மென்மையான பின்னல் மூடுதுணி தனியாக வருகிறது. பூவைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, சட்டையைத் திருப்பி வைத்து அதன்மேல் ஒட்டிவிடுங்கள்.