ஹாரன் ஸ்பீக்கர் பெட்டி: கூம்பா, அணசா, விரிகுழலா?

அனைவருக்கும் வணக்கம்.

மரவேலை பழகிக்கொண்டு வீட்டிலேயே ஹாரன் பெட்டி செய்ய விரும்புகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. 8 அங்குல ஸ்பீக்கர், 18 மி.மீ. பிளைவுட், அறை மூலையில் வைக்கும் பெட்டி. ஸ்பீக்கரின் முன்பக்க ஒலி நேரே காதுக்கு வரும். பின்பக்க ஒலி, பெட்டிக்குள் மடிந்து மடிந்து அகலமாகிக்கொண்டே போகும் ஒரு வழியாக வெளியே வரும். ஆங்கிலத்தில் ஹாரன் எனப்படும் அந்த வழிக்குத்தான் தமிழ்ப் பெயர் தேவை. செய்தித்தாள்கள் ‘கூம்பு வடிவ ஒலிபெருக்கி’ என்று எழுதுவதால் வரைவில் ‘கூம்பு’ என்றே போட்டிருக்கிறோம். அது போதுமா?

—

> வரைவில் ‘கூம்பு’ என்றே போட்டிருக்கிறோம். அது போதுமா?

போதாது. ஸ்பீக்கரின் நடுவே அதிரும் காகிதப் பகுதியை ஏற்கெனவே கூம்பு என்றுதான் சொல்கிறோம். “கூம்பின் பின்னால் கூம்பு தொடங்குகிறது” என்று கையேட்டில் எழுதினால் படிப்பவர் எங்கே அறுப்பார்? இதைவிடப் பெரிய தடை வடிவம். நேர்க்கோட்டில் விரிவது மட்டுமே கூம்பு. நம் பெட்டியில் வழியின் பரப்பு சமமான நீளத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. கூம்பாகவே விரியும் ஹாரனும் தனி வகையாக இருக்கிறது. அதை அப்போது ‘கூம்புக் கூம்பு’ என்றா சொல்வது?

‘ஹாரன்’ என்றே விட்டால் பேருந்து ஹாரன்தான் நினைவுக்கு வரும். அதன் தமிழ்ப் பெயரான ‘ஒலிப்பான்’ அதே காரணத்தால் வேண்டாம். ‘கொம்பு’ சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் மாட்டுக்கொம்பும் மரக்கொம்பும் நுனிக்குப் போகப் போகக் குறுகும். கொம்பு வாத்தியம் விரிகிறது, உண்மை. ஆனாலும் சொல்லைக் கேட்டதும் கூர்மைதான் மனத்தில் எழுகிறது.

நாதஸ்வரத்தில் உலவு என்னும் நீண்ட உடலின் அடியில் விரிந்திருக்கும் பகுதிக்கு ‘அணசு’ என்று பெயர். அழகான சொல், இசைக் கருவியிலிருந்தே வருகிறது. ஆனால் அணசு கடைசிப் பகுதி மட்டுமே. நமக்கு வேண்டியது தொண்டை (குறுகிய தொடக்கம்) முதல் வாய் (அகன்ற முடிவு) வரை முழு வழிக்கும் பெயர்.

என் பரிந்துரை: விரிகுழல். ஊர்த் திருவிழாவில் கட்டும் ஸ்பீக்கரை மக்கள் ‘குழாய்’ என்றுதான் சொல்கிறார்கள், “கோயில்ல குழாய் கட்டியாச்சு” என்பது எல்லோருக்கும் புரியும். அதையே கொஞ்சம் செப்பம் செய்தால் போதும். வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது, ‘விரிக்குழல்’ என்று எழுதிவிடாதீர்கள். மடித்ததற்கு ‘மடிவிரிகுழல்’ எனலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. ஒரே அகலத்தில் போகும் வழியும், போகப் போகக் குறுகும் வழியும் உள்ள பெட்டிகள் வேறு இனம். அவற்றைச் சமகுழல், குறுகுகுழல் என்று இதே அச்சில் வார்த்துவிடலாம். ‘கூம்பு’ இந்த வசதியைத் தராது.

—

விரிகுழலை ஏற்கிறேன். மற்றவற்றில் மூன்று திருத்தம்.

‘மடிவிரி’ என்று சேர்த்தால் மடித்து வைத்ததை விரிப்பது என்றே பொருள்படுகிறது, ஜமக்காளம் போல. ‘மடக்கு விரிகுழல்’ என்றாலும் சிக்கல்தான்: மடக்கு நாற்காலி, மடக்குக் கத்தி எல்லாம் வேண்டும்போது மடக்கி வைப்பவை. ‘மடிப்பு விரிகுழல்’ என்று பிரித்தே எழுதுவோம்.

அடுத்தது பெட்டிக்குள் இருக்கும் அறைகள். வரைவில் ‘முன்னறை’, ‘பின்னறை’ என்று இருக்கிறது. இது வேலையையே கெடுக்கும். இந்தப் பெட்டியில் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் அறை தொண்டைக்குத் திறந்திருக்கிறது. விரிகுழல் ஸ்பீக்கரின் முன்பக்கம் வரும் பெட்டியிலோ, பின்னால் இருக்கும் அறை காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். இரண்டுக்கும் ‘பின்னறை’ என்றால், ஒன்றின் வரைபடத்தைப் பார்த்து மற்றதைச் செய்பவர் மூட வேண்டியதைத் திறந்துவைப்பார். இடத்தை விட்டுவிட்டு வேலையைச் சொல்வோம்: தொண்டைக்குத் திறப்பது தொண்டையறை, மூடியிருப்பது மூடறை.

மூன்றாவது, ‘விரிவு வீதம்’. கணக்குப் போடுகிறவருக்கு அது சரி. ரம்பம் பிடித்தவருக்கு ‘இரட்டிப்பு நீளம்’ என்ற சொல்தான் கைகொடுக்கும். எத்தனை செ.மீ. போனால் பரப்பு இரண்டு மடங்காகிறது என்பதே அது. விரிகுழல் தர வேண்டிய அடிச்சுரத்தின் கீழ் எல்லை 50 ஹெர்ட்ஸ், ஒலிவேகம் நொடிக்கு 344 மீட்டர் என்று கொண்டால், 4 பை-யை (பை என்பது 3.14) 50-ஆல் பெருக்கி 344-ஆல் வகுக்க விரிவு வீதம் மீட்டருக்கு 1.83. அதைக் கொண்டு 0.693-ஐ (இரண்டின் இயல் மடக்கை) வகுத்தால் இரட்டிப்பு நீளம் 38 செ.மீ. இந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு முழுப் பெட்டியையும் வரைந்துவிடலாம்.

—

> இந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு

சொற்கள் தாங்குகின்றனவா என்று பார்க்க, கையேட்டின் நடுப்பகுதியை இவற்றைக் கொண்டே எழுதிப் பார்த்தேன். எங்கே நாக்கு இடறுகிறது என்று சொல்லுங்கள்.

“உள் அகலம் எங்கும் 40 செ.மீ. 8 அங்குல ஸ்பீக்கரின் கூம்புப் பரப்பு ஏறக்குறைய 210 சதுர செ.மீ. அதில் பாதியளவாகத் தொண்டை 100 சதுர செ.மீ., அதாவது 2.5 செ.மீ. இடைவெளி. அங்கிருந்து இரட்டிப்பு நீளம் ஒவ்வொன்றுக்கும் இடைவெளி 5, 10, 20, 40 செ.மீ. என்று கூடும். நான்கு இரட்டிப்பில் விரிகுழலின் நீளம் 152 செ.மீ., வாய் 1600 சதுர செ.மீ. ஒவ்வொரு 38 செ.மீ. துண்டுக்கும் பிளைவுட்டை வளைக்கத் தேவையில்லை, நேர்ப்பலகையே போதும். துண்டின் நடுவில் 3.54 செ.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 3.75 இருக்கும். அந்த 6 சதவீதம் காதுக்குத் தெரியாது.

“நீளத்தைப் பலகையின் ஓரமாக அளக்காதீர்கள், வழியின் நடுக்கோட்டில் அளங்கள். மடிப்பில், வழியைப் பிரிக்கும் உள்பலகையான தட்டியின் முனைக்கும் எதிர்ச்சுவருக்கும் உள்ள இடைவெளி, அந்த இடத்தில் வழிக்கு இருக்க வேண்டிய இடைவெளியே. வெளி மூலைகளில் 45 பாகைக்கு அறுத்த முக்கோணத் துண்டுகளை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் மூலையில் வழி திடீரென்று உப்பிப் பிறகு சுருங்கும்.

“வாய் சிறியதுதான். மூலையில் வைத்த விரிகுழல் 50 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காகப் பேச 4700 சதுர செ.மீ. வேண்டும். 1600-க்கு ஏறக்குறைய 86 ஹெர்ட்ஸ் வரைதான் சீராக வரும், அதற்குக் கீழே மேடுபள்ளம் இருக்கும். பெட்டியை மூலையிலிருந்து அறையின் நடுவே இழுத்தால் தேவைப்படும் வாய் இன்னும் பெரிதாகி, அடிச்சுரம் மெலிந்துபோகும். தொண்டையறை 4 லிட்டர். ஒலிவேகத்தைத் தொண்டைப் பரப்பால் பெருக்கி, அறையின் கொள்ளளவாலும் 6.28-ஆலும் வகுத்தால் 137 ஹெர்ட்ஸ் வரும். அதற்கு மேலான சுரங்களைத் தொண்டையறை படிப்படியாகத் தடுக்கும். தொண்டையறையைச் சிறிதாக்கினால் பேச்சுக்குரல் வாய்வழியாகத் தாமதமாகக் கசிந்து, நேர் ஒலியோடு மோதும்.

“ஒரு பக்கப் பலகையைக் கிடத்தி, முழு வழியையும் அதன்மேல் வரைந்து, தட்டிகளுக்கு 6 மி.மீ. ஆழத்தில் காடி (பலகை செருகும் பள்ளம்) எடுங்கள். 18 மி.மீ. என்று விற்கும் பிளைவுட் 17-க்கும் குறைவாக இருப்பதுண்டு. வெர்னியர் அளவுகோலில் அளந்த பிறகே காடியின் அகலத்தை முடிவு செய்யுங்கள். தொண்டையில் 1 மி.மீ. பிசகினால் 4 சதவீதப் பிழை, வாயில் அதே 1 மி.மீ. கால் சதவீதம்தான். ஆகவே 25 மி.மீ. கட்டை ஒன்றை இழைத்து வைத்துக்கொண்டு, பசை இல்லாமல் தட்டிகளை நிறுத்தி, தொண்டையில் அதை ஓட்டிப் பாருங்கள். தளர்ந்த காடியில் பசை நிரம்பாத இடம் பாட்டு நடுவே ‘ஸ்ஸ்’ என்று ஊதும், அல்லது தட்டி கிடுகிடுக்கும். இரண்டாம் பக்கத்தை மூடிய பிறகு உள்ளே கை போகாது. வயரை இழுத்து, ஸ்பீக்கர் துளையை அறுத்து, மரத்தூளை வாக்குவம் வைத்து எடுத்த பிறகே மூடுங்கள். தங்கிய தூள் ஸ்பீக்கரின் காந்த இடுக்கில் போய் உரசும்.”

—

நன்றாக ஓடுகிறது. ‘தொண்டை’, ‘வாய்’ இரண்டுக்கும் விளக்கமே தேவைப்படவில்லை. ‘தட்டி’ மட்டும் ஓலைத் தட்டியை நினைவூட்டுகிறது, ‘இடைப்பலகை’ என்று மாற்றலாம்.

குழல் என்றால் உருண்டை என்று சிலர் தயங்கக்கூடும், நம் வழி செவ்வகம். வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே துளையோடு நீண்டு போவது குழல்தான் என்று முதல் அத்தியாயத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் சரியாகிவிடும். திருவிழாக் குழாயையும் அங்கேயே சொல்லுங்கள். அந்தத் தகரக் குழாய்க்குள் ஒலி முன்னும் பின்னுமாக மடிந்துதான் வெளியே வருகிறது. மடிப்பு விரிகுழல் என்பதற்கு எல்லோரும் பார்த்த உதாரணம் அதுவே.

அமெரிக்க ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் பால் கிளிப்ஷ் 1946-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மூலைப் பெட்டியும் அந்தப் பகுதியில் வரட்டும். அதில் விரிகுழல் பெட்டியோடு முடிவதில்லை, அறையின் இரண்டு சுவர்களும் கடைசிப் பகுதியாகச் சேர்ந்துகொள்கின்றன. இப்படி அறையே தரும் பகுதிக்குத்தான் தனிப் பெயர் தேவைப்படுகிறது. ‘அணசு’ அங்கே சரியாக உட்காருகிறது: மரம் வரைக்கும் விரிகுழல், சுவரும் தரையும் தருவது அணசு. மூலையில் நிலைக்கதவோ ஜன்னலோ இருந்தால் “ஒரு பக்கம் அணசு இல்லை” என்று ஒரே வரியில் எச்சரித்துவிடலாம். இதற்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.