ஆனைமுடி உயரத்தில் பனிச்சறுக்கு: குல்மார்க்கிற்கு ஒரு குடும்பம் எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. நான், என் மனைவி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், நான்காம் வகுப்பு படிக்கும் மகன், அறுபத்தாறு வயதான என் அம்மா ஆகிய ஐந்து பேரும் வரும் குளிர்காலத்தில் காஷ்மீரில் உள்ள குல்மார்க் சென்று பனிச்சறுக்குப் பழக வேண்டும் என்று நினைக்கிறோம். எங்களில் யாரும் இதுவரை பனியைத் தொட்டதில்லை. அடுத்த ஆண்டு மகளுக்குப் பத்தாம் வகுப்பு வந்துவிடும்; பிறகு சில ஆண்டுகளுக்கு வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து எங்கும் கிளம்ப முடியாது.

பாலக்காட்டில் ஒரு பயண முகவர் ஆறு நாள் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். ஸ்ரீநகர், பஹல்காம், சோன்மார்க் எல்லாம் அதில் உண்டு. குல்மார்க்கிற்கு ஓர் இரவு மட்டுமே ஒதுக்கியிருக்கிறார். அந்த ஒரே நாளில் ரோப்காரின் இரண்டு கட்டங்களும் பனிச்சறுக்கும் முடிந்துவிடும் என்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

காலத்தை முடிவு செய்வதிலும் சிக்கல் இருக்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறை பத்து நாள் கிடைக்கிறது. பொங்கலுக்கு நம் எல்லை மாவட்டங்களில் ஒரு நாள் உள்ளூர் விடுமுறை உண்டு. மார்ச்சில் ஆண்டுத் தேர்வு வந்துவிடும். பள்ளியில் அதிக விடுப்புக் கேட்காமல் நல்ல பனியும் கிடைக்க எந்த வாரத்தில் போகலாம்? அம்மாவை அழைத்துச் செல்வது சரியா? அவருக்கு இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்டு.

மறுமொழி 1 (மூணாறு ஆசிரியை)

ஐயா, உங்கள் ஐயம் சரியானது. ஒரு நாளில் பனியின் மேல் நின்று படம் எடுத்துக்கொள்ள முடியும். சறுக்கப் பழக முடியாது. நான் குல்மார்க்கில் ஒன்றிய அரசின் சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனத்தில் தொடக்கநிலைப் பயிற்சி முடித்தவள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். குல்மார்க் என்பது ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் கிண்ணம் போல் அமைந்த ஒரு புல்வெளி. நம் ஆனைமுடியின் உச்சி 2,695 மீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள்: நமக்குச் சிகரமாக இருக்கும் உயரம் அங்கே தரைமட்டம். அங்கிருந்து ரோப்கார் முதற்கட்டமாகச் சுமார் 3,000 மீட்டரில் உள்ள கோங்டூரிக்கும், இரண்டாம் கட்டமாக அஃபர்வாட் மலையின் தோளில் 3,900 மீட்டருக்கு மேலும் ஏறுகிறது. முதற்கட்டம் 1998இலும் இரண்டாம் கட்டம் 2005இலும் பயன்பாட்டுக்கு வந்தன. அந்த மேல் சரிவுகளுக்காகத்தான் வெளிநாட்டிலிருந்து தேர்ந்த சறுக்கு வீரர்கள் வருகிறார்கள். புதிதாகப் பழகுபவர்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. மேலே பெரும்பகுதி இயந்திரம் கொண்டு சமன் செய்யப்படாத பனி. பனிச்சரிவு அபாயமும் உண்மையானது. 2023 பிப்ரவரி 1 அன்று போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் இருவர் அஃபர்வாட் பகுதியில்தான் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். உங்கள் இடம் கீழே, புல்வெளியை ஒட்டிய சிறிய சரிவுகள். முழங்கால் அளவு ஏற்றத்தில் தொடங்கி, கயிறு பிடித்து மேலே இழுத்துச் செல்லும் சிறு இழுவைகள் உள்ள சரிவுக்கு நான்காம் நாள் போய்ச் சேர்ந்தாலே நல்ல முன்னேற்றம்.

பழகும் முறையையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை நாள் வேண்டும் என்பது அதிலிருந்தே தெரியும். முதல் நாள் பூட்ஸை மாட்டிக்கொண்டு நடப்பது, ஒற்றைக் காலில் மட்டும் சறுக்குக் கட்டையைப் பூட்டித் தள்ளிப் பார்ப்பது, பக்கவாட்டில் படிப்படியாகச் சரிவில் ஏறுவது ஆகியவற்றிலேயே கழிந்துவிடும். இரண்டாம் நாள், கட்டைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்டி, உள்விளிம்பால் பனியை அழுத்தி நிற்கக் கற்றுக்கொள்வீர்கள். இந்த ஆப்பு நிலை வசப்படும் வரை எந்தப் பயிற்றுநர் சொன்னாலும் உயரமான சரிவுக்குப் போகாதீர்கள். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் வலிக்கும். அன்று அரை நாள் மட்டும் பயிற்சி வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் நாள்தான் திரும்புவது பிடிபடும். எனக்கு அது ஒரு பிற்பகலில் திடீரென வந்தது. எடையை வலக் காலில் ஏற்றியதும் உடம்பு தானாக இடப்பக்கம் வளைந்து சென்றது. அந்த மகிழ்ச்சியை ஓர் இரவுத் திட்டத்தில் போகிறவர்கள் அடையவே முடியாது என்பதுதான் என் வருத்தம்.

விழுவதையும் கற்றுக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் விழுங்கள். எழும்போது இரண்டு கட்டைகளையும் உடம்புக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து, சரிவுக்குக் குறுக்காக வைத்த பிறகே எழுந்திருங்கள். இல்லையேல் எழுந்த வேகத்தில் கட்டை கீழே ஓடிவிடும்.

பூட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. குளிருக்குப் பயந்து நான் இரண்டு சோடிக் காலுறை போட்டு, ஓர் அளவு பெரிய பூட்ஸை வாடகைக்கு எடுத்தேன். பிற்பகலுக்குள் முழங்காலுக்குக் கீழ் எலும்போரம் தோல் உரிந்து, காலுறையில் இரத்தம் ஒட்டியிருந்தது. பயிற்றுநர் ஒரு சோடியைக் கழற்றச் சொல்லி, அளவு குறைந்த பூட்ஸை மாட்டி, கொக்கிகளைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக இறுக்கினார். நேராக நின்றால் கால்விரல் முன்சுவரைத் தொட வேண்டும். முழங்காலை முன்னால் மடக்கினால் விரல் சற்றே விலக வேண்டும். அதுதான் சரியான அளவு. திருப்பூர்ப் பருத்திப் பனியன் நம் ஊர் வெயிலுக்கு அருமையானது, ஆனால் பனியில் அது வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருந்து உடம்பைக் குளிர வைக்கும். அடியில் கம்பளியோ செயற்கை இழையோ அணியுங்கள்.

மறுமொழி 2 (வேலந்தாவளம் வாசகர்)

ஆசிரியை அம்மா சொன்னது முழுக்க உண்மை. மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்களும் இப்படி ஓர் இரவுத் திட்டத்தில்தான் போனோம். முகவரின் பெயர் இங்கே வேண்டாம். எட்டுப் பேருக்கு ஒரு பயிற்றுநர், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். என் தம்பி மகனுக்குக் கிடைத்த கட்டையில், பூட்ஸைக் கட்டையோடு பிணைக்கும் பூட்டு அவன் விழும்போது கழன்றுகொள்ளவில்லை. முழங்கால் திருகி, ஊர் திரும்பி ஆறு வாரம் பள்ளிக்குப் போகாமல் கிடந்தான். வாடகைக் கடையில் ஒவ்வொருவரின் எடையையும் கேட்டுத்தான் பூட்டின் இறுக்கத்தை வைக்க வேண்டும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. கேட்காமல் கட்டையை நீட்டினால் அந்தக் கடையில் வாங்காதீர்கள். குழந்தைகளுக்குத் தலைக்கவசம் கட்டாயம். பயணக் காப்பீடு எடுக்கும்போது பனிச்சறுக்குக் காயமும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களுடையதில் அது அடங்கவில்லை.

இரண்டு நடைமுறைச் செய்திகள். வெளிமாநிலத்து ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குறைந்தது ஒரு போஸ்ட்பெய்ட் எண்ணாவது கையில் இருக்கட்டும். ரோப்கார் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்; அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

மறுமொழி 3 (வண்டித்தாவளம், தற்போது துபாய்)

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து ஜார்ஜியா நாட்டில் உள்ள குடௌரி பனிச்சறுக்குத் தளத்துக்குத்தான் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். துபாயிலிருந்து அந்நாட்டின் தலைநகர் திபிலிசிக்கு மூன்றரை மணி நேர விமானம், அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர் சாலைப் பயணம். அங்கே சரிவுகளை இரவில் இயந்திரம் கொண்டு சமன் செய்கிறார்கள். பழகுபவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ஐந்து பேருக்கும் கடவுச்சீட்டு, விசா, கோயம்புத்தூரிலிருந்து மாறி மாறி விமானம் என்று பார்க்கும்போது, உங்கள் முதல் பயணத்திற்கு குல்மார்க்கே போதும் என்பது என் எண்ணம். பிள்ளைகளுக்குச் சறுக்குவதில் உண்மையிலேயே ஆசை பிடித்தால் அடுத்த முறை குடௌரியைப் பார்க்கலாம்.

மறுமொழி 4 (பீர்மேடு செவிலியர்)

அம்மாவைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். 2,500 மீட்டருக்கு மேலே, ஆக்சிஜன் குறைவதால் தலைவலி, குமட்டல் தரும் உயர நோய் தொடங்கலாம். 4,000 மீட்டரை நெருங்கும்போது மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான். எனவே இறங்கிய அன்றே குல்மார்க் ஏறாமல், 1,600 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ள ஸ்ரீநகரில் ஓர் இரவு தங்குங்கள். குல்மார்க்கில் ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு அம்மா கோங்டூரி வரை போய்வரலாம்; இரண்டாம் கட்டம் அவருக்கு வேண்டாம். கிளம்பும் முன் அவருடைய மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கருத்துக் கேளுங்கள். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள்.

அறையில் விறகோ மண்ணெண்ணெயோ எரியும் புகாரி அடுப்பு இருந்தால், சன்னலைச் சற்றே திறந்து வைத்து, தூங்கும் முன் அணைத்துவிடச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலியை உயரத்தின் மீது போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார்கள் என்பதே பயம். கருப்புக் கண்ணாடி இல்லாமல் மகனைப் பனியில் விடாதீர்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் எண்பது விழுக்காடு வரை திருப்பி அனுப்புகிறது. மேகமூட்டமான நாளிலும் கண் சிவந்து நீர் வழியும்.

மறுமொழி 5 (மூணாறு ஆசிரியை, மீண்டும்)

காலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைச் சில்லாய் கலான் என்கிறார்கள்; கடுங்குளிர் அப்போதுதான். ஆனால் குளிர் வேறு, பனி வேறு. 2024 ஜனவரியில் குல்மார்க்கில் புல் தெரியும்படி வறண்டு கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதி, பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. கிறிஸ்துமஸ் விடுமுறையை நம்பாதீர்கள். கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும், பனி மெல்லியதாக இருக்கும். குடியரசு நாள் முடிந்து கிளம்பி பிப்ரவரி முதல் வாரத்தில் திரும்பினால் மகளுக்கு ஏழெட்டு நாள் விடுப்பு போதும். தில்லியின் மூடுபனியாலும் ஸ்ரீநகரின் பனிப்பொழிவாலும் விமானம் ரத்தாவது வழக்கம். திரும்பும் பக்கம் ஒரு நாளை வெறுமையாக விடுங்கள். பனி கொட்டும் நாளில் அடிவார ஊரான தங்மார்க்கிலிருந்து மேலே உள்ள 13 கிலோமீட்டருக்குச் சங்கிலி கட்டிய வண்டிதான் ஏறும். அதன் வாடகையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பஹல்காமையும் சோன்மார்க்கையும் எடுத்துவிட்டோம். ஸ்ரீநகரில் ஓர் இரவு, குல்மார்க்கில் ஆறு இரவு, திரும்பும்போது மீண்டும் ஸ்ரீநகரில் ஓர் இரவு என்று சனவரி 27க்கு முடிவு செய்திருக்கிறோம். நால்வருக்குத் தனியாக ஒரு பயிற்றுநரைப் பேசியாயிற்று. அம்மா கோங்டூரி வரை வருகிறார். மற்ற நாட்களில் அறையின் சன்னல் வழியே நாங்கள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். மகள் பூட்ஸ் அளவுக்காக நேற்று மாலை தாளில் பாதத்தை வைத்துப் பென்சிலால் கோடு போட்டாள். பிறகு தம்பியின் பாதத்துக்கும் போட்டு, இரண்டு தாளையும் என் பணப்பையில் மடித்து வைத்திருக்கிறாள்.