புதுப்பிப்பு: கிட்டாரில் எஃப் கார்டு ஒருவழியாகப் பிடிபட்டது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். ஆறு மாதமாக கிட்டார் பழகுகிறேன், சி, ஜி, டி கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல் பிடிகள்) எல்லாம் வருகிறது, ஆள்காட்டி விரலாலேயே எல்லாக் கம்பிகளையும் குறுக்கே அழுத்த வேண்டிய எஃப் பாரே கார்டு வைத்தால் மட்டும் பாதிக் கம்பிகள் ஊமையாகிவிடுகின்றன, விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தேன். விடவில்லை.

உங்களில் சிலர் சொன்னபடி முதலில் கருவியைத்தான் பார்த்தேன். 12ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிக் கோடு) அளந்தால் தடித்த கம்பிக்குக் கீழே 4 மில்லிமீட்டர் இடைவெளி! பழுது பார்ப்பவர் சேடிலை (உடல் பகுதியில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) தேய்த்து அதை 2.5-க்குக் கொண்டுவந்தார். நட்டிலும் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டை) கம்பிகள் உயரமாக இருந்ததாம், முதல் ஃப்ரெட்டில் அழுத்துவது அத்தனை கடினமாக இருந்ததற்கு அதுதான் முக்கியக் காரணம் என்றார். இத்தனை நாள் என் விரலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அதே வடிவத்தை 5ஆவது ஃப்ரெட்டில் வைத்துப் பழகினேன், அங்கே அது ஏ கார்டு, கம்பியும் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். ஆள்காட்டி விரலைத் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கமாகச் சற்றே உருட்டி, எலும்பு ஓரத்தால் அழுத்தி, முழங்கையை உடம்போடு சேர்த்துக்கொண்டால் கை வலி பாதி குறைகிறது. வாரத்துக்கு ஒரு ஃப்ரெட்டாக, எஃப் இருக்கும் முதல் ஃப்ரெட் வரை இறங்கி வந்தேன்.

நேற்று இரவு ஆறு கம்பியும் ஒவ்வொன்றாகத் தெளிவாக ஒலித்தன. திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டே இருந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

சி-யிலிருந்து எஃப்-க்கு மாறுவதில்தான் இன்னும் தாமதம். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்துப் பழகுகிறேன், வேறு வழி தெரிந்தால் சொல்லுங்கள்.